வில்லாபுரத்துப் புகைக்கூண்டு வீடு

1

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படிக்கிறாளாம். தோளில் டேப் ரிக்கார்டர், கையில் தடித்த நோட்டு. வெளிநாடுகளிலிருந்து இந்த லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்தவர்கள் ஊரிலிருந்து என்னென்ன சாமான்கள் கொண்டுவந்தார்கள், அவற்றை எங்கே வைத்திருக்கிறார்கள், அவற்றைப் பார்த்தால் என்ன ஞாபகம் வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பொருளைக் காட்டுங்கள்" என்றாள். அலமாரியைத் திறந்து இட்லித் தட்டைக் காட்டினேன். அதற்கு முன் போய்வந்த வீடுகளிலும் இட்லித் தட்டுதான் போல, முகத்தில் பெரிய மலர்ச்சி இல்லை. கிளம்பும் சமயம், "இங்கிருந்து ஊருக்கு ஏதாவது அனுப்பினீர்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

"ஒரு வீடு அனுப்பினேன்" என்றேன்.

மாட்டின கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மூன்று கேசட் மாற்றினாள். சொல்லி முடித்தபோது அவளைவிட எனக்குத்தான் படபடப்பு. ஆனால் ஆங்கிலத்தில் சொன்னதில் எங்கள் அண்ணன் பேச்சும் அம்மா பேச்சும் பாதிக்கு மேல் விட்டுப்போய்விட்டன. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு முழுசாக எழுதுகிறேன்.

2

மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வேலைக்கு வந்தேன். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தவறிவிட்டார். ஊரில் இருந்தது அம்மாவும் தாஸ் அண்ணனும். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா. மணி அடிப்பது அவள் வேலை, அவள் குரலுக்கு மணியே தேவையில்லை என்று டீச்சர்கள் சொல்வார்கள். அண்ணன் கொத்தனார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அம்மாவின் கடிதங்களை அவர்தான் எழுதுவார்.

வந்த புதிதில் நர்ஸ் விடுதியில் ஒரு அறையில் மூன்று பேர். அதை எழுதப்போய், "எம்புள்ள கால நீட்டிப் படுக்கிறாளோ என்னமோ" என்று அம்மா அழுததாக அண்ணன் பதில் போட்டார். அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறைத் தோழி அன்னம்மாவோடு உலாத்தப் போனேன். வழியில் ஒரு அழகான வீடு. மாடி வைத்தது, முன்பக்கச் சன்னல் கர்ப்பிணி வயிறுபோல வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. கூரைமேல் புகைக்கூண்டு. கதவுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி. "அதன் முன்னால் நில்லடி" என்று அன்னம்மா ஒரு படம் எடுத்தாள். கறுப்பு வெள்ளைப் படம். 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று பின்னால் எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. "உன் வீடு ரொம்ப நல்லா இருக்குன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பாக்கியில்லாமல் காட்டிவிட்டார்கள். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறார்கள்."

அது என் வீடு இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். பொய் என்று நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அதற்கடுத்த வருஷம் ஜெயராஜைக் கட்டிக்கொண்டேன். திண்டுக்கல்காரர், இங்கே பஸ்ஸில் கண்டக்டர். ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியேறினோம். அவருக்கு மூன்று தங்கைகள், எனக்கு அம்மா. சம்பளம் ஊருக்குப் போகும், நாங்கள் அந்த அறையிலேயே இருப்போம். பிறகு மெர்சி வயிற்றில் வந்தாள்.

பிரசவத்துக்கு அம்மா வர ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் லீவுகூடச் சொல்லிவிட்டாள். அவளை வரவழைக்க ஒரு படிவம் வாங்கிவந்தேன். 'உங்கள் வீட்டில் எத்தனை அறைகள்? எத்தனை பேர் தூங்குகிறீர்கள்? விருந்தாளி தூங்க இடம் எங்கே?' என்று கேட்டிருந்தது. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் கையெழுத்தும் வேண்டும். அவரோ, "பிள்ளை பிறந்தால் மூன்று பேர், நான்காவது ஆள் கூடவே கூடாது" என்று கையை விரித்துவிட்டார். அம்மாவுக்கு என்ன எழுதுவது? 'இங்கே ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வர வேண்டாம்' என்று எழுதினேன்.

"இம்புட்டுப் பெரிய வீட்ல பெத்தவளுக்கு ஒரு மூலை இல்லையாமா?" என்று கேட்டாளாம். அண்ணன் அதைக் கடிதத்தில் எழுதவில்லை, பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அம்மா பங்குக்கு ஒரே வரிதான்: 'அம்மா சுகம்.' ஏழு வருஷம் அந்த ஒரு வரி.

3

வில்லாபுரத்தில் அம்மா முன்பே ஒரு இடம் வாங்கிப்போட்டிருந்தாள். அப்போது அது வெறும் கருவேலங்காடு. அங்கே வீடு கட்டுவோம் என்று மாதாமாதம் நான் பணம் அனுப்பினேன். "நீங்கள் பார்த்துக் கட்டுங்கள் அண்ணே, நான் என்ன சொல்லப்போகிறேன்" என்று எழுதினேன். தளம் போட்டு, இரண்டு அறை, ஒரு ஹால், எல்லோரும் கட்டுகிற மாதிரிதான் கட்டுவார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அண்ணனிடமிருந்து விசித்திரமான கேள்விகள் வர ஆரம்பித்தன. 'உன் வீட்டு வாசலுக்குப் படி எத்தனை? கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடி என்ன நிறம்? படத்தில் நீ நிற்கிறாயே, உனக்குப் பின்னால் மறைந்திருப்பது என்ன? சுவர் என்ன நிறம்?' அம்மா யாரிடமோ பெருமை பேசக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் பதில் தெரியாதே! லீவு நாளில் மெர்சியை ஜெயராஜிடம் விட்டுவிட்டு அந்தத் தெருவுக்குப் போய் நடைபாதையில் நின்றபடி செங்கல் வரிசையை எண்ணினேன்.

இரண்டாம் தடவை போனபோது கதவு திறந்தது. வெள்ளை முடியோடு ஒரு அம்மையார். "யாரைத் தேடுகிறாய்?" என்றார். 'உங்கள் வீட்டின் முகப்பு அழகாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் 'வீடு' என்ற சொல்லை விட்டுவிட்டு, "உங்கள் முன்பக்கம் ரொம்ப அழகாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் சட்டைப் பித்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். நான் சன்னலைக் கைகாட்டினேன். அப்புறம் சிரித்தார் பாருங்கள், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் அண்ணன் கொத்தனார், அளவு கேட்கிறார்" என்றதும் உள்ளே போய் ஒரு அளவு நாடாவை எடுத்துவந்து, ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். படி மூன்று. கண்ணாடி பச்சையும் மஞ்சளும். நான் மறைத்து நின்ற இடத்தில் தபால் போடும் பித்தளைத் துவாரம். சுவர் செங்கல் சிவப்பு.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். 'ரொம்ப உபயோகம்' என்று பதில் வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

4

மெர்சிக்கு ஏழு வயதானபோதுதான் ஊருக்குப் போக வாய்த்தது. ஜெயராஜுக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் அவளும் மட்டும் போனோம். மெட்ராஸில் இறங்கி, ரயிலேறி, காலையில் மதுரை ஜங்ஷன். சூட்டை மூச்சில் உணர்ந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் துள்ளல். ஸ்டேஷனுக்கு வெளியே டாக்சிக்காரரிடம் வில்லாபுரம் என்றேன்.

"வில்லாபுரத்துல எங்கனக்குள்ளம்மா?"

"புதுசா வீடு கட்டியிருக்காங்க. தாஸ் கொத்தனார் வீடு."

"அட, பொகக்கூண்டு வீடா! ஏறுங்க, ஏறுங்க. கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெற்குவாசல் தாண்டி, பாலத்தில் ஏறி இறங்கி, வண்டி தெருவுக்குள் திரும்பியது. திரும்பியதும் நான் கத்தினேன். மெர்சி பயந்து என் கையைப் பிடித்தாள்.

லீட்ஸ் வீடு நின்றுகொண்டிருந்தது. மூன்று படி. புடைத்த சன்னல். பச்சையும் மஞ்சளுமாய் அரைவட்டக் கண்ணாடி. சரிவுக் கூரைக்குச் சீமை ஓடு. அதன் உச்சியில் புகைக்கூண்டு, அதன்மேல் ஒரு காக்கை. இரண்டு பக்கமும் தட்டையான மொட்டைமாடி வீடுகள், நடுவில் இது, திருவிழாவுக்குத் தலைப்பாகை கட்டி வந்த ஆள்போல.

படியில் அம்மாவும் அண்ணனும். அண்ணனின் மீசை நரைத்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னத்தா ஸ்டெல்லா, வழி தெரிஞ்சுச்சா ஒன் வீட்டுக்கு?"

நான் அவர் தோளில் விழுந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தெருவே நினைத்தது. பாதி அதுவும்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"செங்கல் செவப்புன்னு எழுதிட்டியா, பூசாம விட்டேன். பூசக் காசில்லாமப் போச்சான்னு ஒவ்வொருத்தனும் வந்து கேக்குறான். மானம் போகுதேன்னு பூசி, செவப்படிச்சு, வெள்ளக் கோடு இழுத்து, செங்கல் மாதிரியே பண்ணிட்டேன். கிட்டப் போயிப் பாரு, கண்டுபிடிக்க முடியுதா?"

தபால் துவாரமும் இருந்தது. ஆனால் தபால்காரர் அதில் போட மாட்டேன் என்கிறாராம், கையில் கொடுத்தால்தான் டீ கிடைக்கும். புகைக்கூண்டு எதற்கென்று அண்ணனுக்குத் தெரியவில்லை, அடுப்படிக்கு நேர்மேலே வைத்துவிட்டார். அம்மாவின் விறகடுப்புப் புகை அதில் ஜோராக ஏறிப் போகிறது. முன்பக்கம்தான் லீட்ஸ். படத்தில் பின்பக்கம் இல்லாததால் கொல்லை முழுக்க மதுரை: துவைக்கிற கல், அடிபம்பு, கட்டிப்போட்ட ஆடு.

"எதுக்குண்ணே இம்புட்டுச் சிரமம்?"

"மருமக மொத மொத வாரா. ஊரு புதுசு, வெயிலு புதுசு, நாங்களும் புதுசு. வீடாச்சும் பழகுன வீடா இருக்கட்டுமேன்னுதான்."

மெர்சியின் பக்கம் குனிந்து, "என்ன மருமகளே, ஒங்க வீடு மாதிரியே இருக்கா?" என்றார்.

மெர்சி வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். அவளுடைய தமிழில் மரியாதையாகவே கேட்டாள்: "இது யார் வீடு, மாமா?"

5

அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. பிள்ளைமேல் அவருக்குக் கோபமில்லை, தன் வேலைமேல்தான். "செவப்பு கூடிப்போச்சோ?" என்று முணுமுணுத்தார். நான் பயணக் களைப்பு, தூக்கக் கலக்கம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வீடு மந்திரிக்க மாதா கோயில் சாமியார் வருகிறார், நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று துடித்தார்.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது அவர் ஏணியில் நின்றார். ஒரு கையில் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம், மறு கையில் தூக்குக் குண்டு. கீழே பெயின்டர் டப்பாவோடு காத்திருந்தார்.

"சன்னல் அரையடி கூடக் குறைய இருக்குமோ? பிள்ளைக கண்ணு பொய் சொல்லாதுத்தா. எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "பெயின்டர் அண்ணே, நீங்க போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினேன். அண்ணனை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லி ஹாலுக்குள் கூட்டிவந்தேன்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலண்ணே. அச்சு அசல் அந்த வீடுதான். ஆனா அது என் வீடு இல்ல."

"எப்ப வித்த?"

"எப்பவுமே என் வீடு இல்லண்ணே. ரோட்டுல போறப்ப முன்னால நின்னு எடுத்த படம். படத்தப் பாத்துட்டு அம்மா நல்லா தூங்குறாங்கன்னு எழுதுனீங்க, சொல்ல வாய் வரல."

அவர் சுவரைத் தடவினார். கதவைப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். என்னைத் திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நீ எங்கதான்த்தா குடியிருக்க?"

"சலவைக்கடைக்கு மேல. ஒரு ரூம்பு."

"எத்தனைக்கு எத்தனை?"

"பதினாலுக்குப் பத்து இருக்கும்."

எழுந்து கொல்லைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்புப் பொடியும் நூலும் டேப்பும் எடுத்து வந்தார். அஸ்திவாரம் தோண்டுமுன் கோடு போடுவார்களே, அந்தப் பொடி. புதிதாய் மெழுகுபோல் இழைத்த சிவப்புத் தரையில், ஹாலின் ஒரு பக்கமாகக் குந்தினார்.

"சொல்லு. வாசல் எங்க?"

"இந்த மூலையில."

பதினாலடி இழுத்தார். பத்தடி இழுத்தார். வாசலுக்கு மூன்றடி இடைவெளி விட்டார். நான் சொல்லச் சொல்ல வரைந்தார். சன்னல் இங்கே. எங்கள் கட்டில் இங்கே. அடுப்பு இங்கே, நடுவில் ஒரு தட்டி. மெர்சியின் கட்டில் தட்டிக்கு இந்தப் பக்கம். ஜெயராஜ் உட்காரும் நாற்காலி. குளியலறை கீழ்த்தளத்தில், மூன்று குடும்பத்துக்கும் ஒன்று.

கோட்டுக்குள் நின்று கையை விரித்துப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். "பத்து வருசம் இதுக்குள்ளயா கெடந்தீக?" சுண்ணாம்புக் கையாலேயே கண்ணைத் துடைக்கப்போக, நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மெர்சி கொல்லையிலிருந்து ஆட்டைத் தொட்ட கையோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா. கோடுகளைக் கண்டதும் மெர்சி டக்கென்று நின்றாள். ஒரு பார்வைதான்.

"அம்மா! நம்ம வீடு!"

கோட்டைத் தாண்டி அவள் குதிக்கவில்லை. சுற்றிப் போய், அந்த மூன்றடி இடைவெளியில் நுழைந்தாள். தட்டியைச் சுற்றினாள். தன் கட்டில் என்று மாமா வரைந்த கட்டத்துக்குள் போய் மல்லாந்து படுத்துக்கொண்டாள். சிரித்தபடி மேலே பார்த்தாள்.

"மாமா, நீ எப்படி தெரியும் நம்ம வீடு?"

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். படம், படிவம், வீட்டுக்காரர் கையை விரித்தது எல்லாம். அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் அந்த வாசல் வழியாகவே உள்ளே போனாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்று நாலாபக்கமும் திரும்பினாள்.

"நான் வந்திருந்தா எங்கன படுத்திருப்பேன்?"

தரையில் இடமே இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"இதுக்குத்தான் வர வேணாம்னியா?"

"ஆமாம்மா."

"கழுத, அத எழுதித் தொலைச்சிருந்தா ஏழு வருசம் ஒன் மேல மொகத்தத் தூக்கிவச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல!" என்று கத்தினாள். பள்ளிக்கூட மணிபோல வீடு முழுக்கக் கணகணத்தது அந்தக் குரல். ஏழு வருஷத்துக்குப் பிறகு உரிமையோடு அவள் என்னைத் திட்டியது அன்றைக்குத்தான். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

6

மறுநாள் காலை வாழைமரம் கட்டியாகிவிட்டது. கொல்லையில் பிரியாணி அண்டா ஏறிவிட்டது. சாமியார் வருவதற்குள் ஹாலைக் கூட்டிவிடலாம் என்று அண்ணன் விளக்குமாறை எடுத்தார். அம்மா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அதத் தொடாதடா" என்றாள்.

சாமியார் வந்தார். வாசலில் ஜெபம் சொல்லி, புடைத்த சன்னலைப் பார்த்து லேசாகப் புன்னகைத்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஹாலுக்குள் வந்தார். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன தாசு, இன்னும் வேலை பாக்கி இருக்கா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். அம்மா முன்னால் வந்தாள்.

"வேலை முடிஞ்சது சாமி. இது எம் மக வீடு. சீமையில இருக்கு. அம்புட்டுத் தொலவு ஒங்களால வந்து மந்திரிக்க முடியாதுல்ல, இங்கனயே மந்திரிச்சு விட்ருங்க."

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அங்கியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டை நோக்கிக் காலெடுத்தார்.

"வாசல் அங்கிட்டு இருக்கு சாமி" என்றாள் அம்மா.

அவர் சுற்றிப் போய் வாசல் வழியாக நுழைந்தார். மெர்சி முன்னால் நடந்து காட்டிக்கொடுத்தாள். "இது என் கட்டில். இது டாடி நாற்காலி. இங்க அடுப்பு, சூடு, பாத்து." சாமியார் ஒவ்வொன்றின்மேலும் தீர்த்தம் தெளித்தார். தண்ணீர் விழுந்த இடத்தில் சுண்ணாம்பு கரைந்து தரையில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சொம்பைப் பிடித்து நின்ற அண்ணன், என் வீட்டின் அளவை வந்தவர்களுக்கெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலைகுனியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பந்தி போட்டார்கள். இலைகள் கோட்டைச் சுற்றி விழுந்தன. பிள்ளைகள் மெர்சியின் பின்னால் வரிசையாக அந்த வாசல் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள், அவள் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி ஆங்கிலத்தில் அதட்டினாள். கடைசிப் பந்தியில் அம்மாவை உட்காரச் சொன்னேன். அவள் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு கோட்டுக்குள் போனாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே சுவரோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு முழங்காலைக் குத்திட்டுக் கொஞ்சம் உள்ளே ஒதுங்கினாள். நான் அள்ளி வைத்த பிரியாணியை ஒரு வாய் தின்றுவிட்டு, ஹாலின் அந்தக் கோடியிலிருந்த அண்ணனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"கால மடக்கிக்கிட்டா எடம் இருக்குத்தா. அடுத்த வருசம் வாரேன், டிக்கெட்டு போடு."